தவளைக் குரலும் வானிலை அறிக்கையும்: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்களில் "மழை வருமா?" என்று கேட்டால் ஒரே திண்ணையில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். ஒருவர் எறும்பையும் தட்டானையும் காட்டுவார். பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் ஆரஞ்சு எச்சரிக்கையைக் காட்டுவார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளும், அவற்றுக்கு நான் அறிந்த பதில்களும் கீழே உள்ளன.

எறும்பு, தவளை, தட்டானை வைத்து மழை சொல்வது வெறும் மூடநம்பிக்கைதானே?

அப்படி ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. காற்றில் ஈரம் கூடுவதையும் மண் நனைவதையும் வெப்பம் மாறுவதையும் சில உயிரினங்கள் மனிதரைவிட நுட்பமாக உணர்கின்றன. உணர்ந்து உடனே நடந்துகொள்கின்றன. ஆகவே அவற்றின் நடத்தைக்கும் மழைக்கும் தொடர்பு இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அவை உணர்வது தம் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றையும் காலடியில் இருக்கும் மண்ணையும்தான்; நான்கு நாள் கழித்து வங்கக் கடலில் உருவாகப்போகும் தாழ்வுப் பகுதியை அன்று. ஓர் அளவுமானிக்கும் ஒரு முன்னறிவிப்புக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், இனி வரும் பெரும்பாலான கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

தவளை கத்தினால் மழை வரும் என்பது எவ்வளவு உண்மை?

கத்துவது பெரும்பாலும் ஆண் தவளை. கத்துவது மழையை அழைப்பதற்காக அன்று, பெண் தவளையை அழைப்பதற்காக. தவளையின் தோல் எளிதில் ஈரத்தை இழக்கக்கூடியது. அதன் முட்டைகளுக்கோ தேங்கிய நீர் வேண்டும். இந்த இரண்டு காரணங்களாலும் காற்று ஈரமாகி, பள்ளங்களில் புதுநீர் சேரும் காலமே அதற்கு உகந்த காலமாகிறது. நம் வயல்களில் காணப்படும் பெருந்தவளையின் ஆண், மழைக்காலத் தொடக்கத்தில் எலுமிச்சை மஞ்சள் நிறம் பெற்று, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சி அநேகமாக முதல் நல்ல மழைக்கு மறுநாள்தான் கிடைக்கும். முந்தைய நாள் கிடைப்பது அரிது.

படுகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வயலில் தண்ணீர் நிற்பதற்கு உள்ளூர் மழை தேவையில்லை. மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவைக்குச் சேற்றுழவு ஓட்டிய மறு இரவே சிறு தவளைகள் கத்தத் தொடங்கிவிடுகின்றன. வானத்தில் ஒரு மேகமும் இருப்பதில்லை. மானாவாரி நிலத்தில் ஓரளவு பொருள் தரும் இந்த அறிகுறி, பாசன நிலத்தில் அணையின் மதகைத்தான் சொல்கிறது. ஊருக்கு ஊர் அறிகுறியின் மதிப்பு மாறும் என்பதைப் பழமொழிகள் சொல்வதில்லை. அவை எங்கே பிறந்தனவோ அந்த நிலத்துக்கு உரியவை.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால்?

முதலில் ஒரு திருத்தம்: எறும்புகள் வாயில் கவ்விச் செல்லும் வெள்ளை நிறப் பொருள்களில் பெரும்பாலானவை முட்டைகள் அல்ல, புழுக்களும் கூட்டுப்புழுக்களுமே. எறும்பின் முட்டை கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியது. புற்றின் உள்ளே ஈரம் கூடினாலோ நீர் கசிந்தாலோ, குஞ்சுகளை உலர்ந்த இடத்துக்கு மாற்றுவது எறும்பின் இயல்பு. அடுத்த தெருவில் பெய்த மழையின் நீர் மண்ணுக்குள் ஊறி வருவதும், வரப்பை ஒட்டிய வாய்க்காலில் நீர்மட்டம் ஏறுவதும்கூட இதே விளைவைத் தரும். வெயில் மிகுந்தாலும், வேறு எறும்புக் கூட்டம் தாக்கினாலும், கூட்டையே இடம் மாற்ற முடிவு செய்தாலும் இதே ஊர்வலம்தான். ஆகவே இதை மழையின் முன்னோடி என்பதைவிட, மண்ணின் ஈரத்தைக் காட்டும் குறி என்று கொள்வது பொருந்தும்.

ஈசலும் தட்டானும்?

அந்தியில் ஈசல் பூத்தால் அடைமழை பிடிக்கும் என்பார்கள். ஈசல் என்பது இறகு முளைத்த கறையான். மண் நன்றாக நனைந்து, காற்று அடங்கி, ஈரம் நிறைந்திருக்கும் வேளையில் இணைசேரப் புற்றைவிட்டு வெளியே வருகிறது. அதாவது மழை பெய்த பின்பே அது வருகிறது. பருவமழைக் காலத்தில் ஒரு மழைக்குப் பின் இன்னொரு மழை வருவது இயல்பாகையால், பழமொழி பெரும்பாலும் பலித்துவிடுகிறது. "இன்று பெய்தது, நாளையும் பெய்யலாம்" என்று ஈசலைப் பார்க்காமலே சொன்னாலும் அதே அளவுக்குப் பலிக்கும்.

தட்டானின் கதை இதைவிடச் சுவையானது. தட்டான் தாழப் பறந்தால் தப்பாது மழை என்று நாம் சிறுவயதில் சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஈரக் காற்றில் சிறு பூச்சிகள் தரைக்கு அருகே கூடுகின்றன. அவற்றைத் தின்னத் தட்டானும், குளிர்காலத்தில் இங்கே வரும் தகைவிலான் குருவியும் தாழ இறங்குகின்றன என்பது வழக்கமான விளக்கம். ஆனால் நம் வெளிகளில் கூட்டமாகத் திரியும் மஞ்சள் கலந்த தட்டான் இனம் ஒன்று, மழைநீர் தேங்கிய குட்டைகளில் விரைவாக முட்டையிட்டுப் பெருகி, பருவக்காற்றோடு நெடுந்தொலைவு பயணம் செய்வது. இந்தத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன என்று, மாலத்தீவில் பல ஆண்டுகள் வாழ்ந்து அவற்றின் வருகையைக் குறித்துவைத்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். ஆகவே ஐப்பசியில் களத்துமேட்டின் மேல் தட்டான் கூட்டம் கூடுவது ஒரு பருவத்தின் வருகையோடு உண்மையாகவே தொடர்புடையது. இன்று மாலை நம் ஊரில் பெய்யுமா என்பதை மட்டும் அது சொல்லாது. கிராமத்து அறிகுறிகளில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மயில் ஆடுவது, தூக்கணாங்குருவிக் கூட்டின் திசை, மாடு மிரள்வது ஆகியவை?

மயிலின் ஆட்டம் பெடையைக் கவர்வதற்கானது. அதன் இணைசேரும் காலமும் மழைக்காலமும் ஒட்டி வருகின்றன, அவ்வளவே. தூக்கணாங்குருவி பனையிலோ ஈச்சையிலோ கூடு கட்டும்போது, அந்தப் பருவத்தில் பலமாக வீசும் காற்று படாத பக்கத்தைப் பெரிதும் தேர்ந்துகொள்கிறது. அது வீசிக்கொண்டிருக்கும் காற்றுக்கு ஏற்ற தற்காப்பு. இனி வரப்போகும் வெள்ளத்தின் உயரத்தைக் கூடு காட்டும் என்பது நம் ஆசை. மாட்டை மிரட்டுவது பல நேரங்களில் புழுக்கத்தில் பெருகும் கடிஈக்கள்.

நம் முன்னோர் இவற்றை நம்பித்தானே விவசாயம் செய்தார்கள்?

இவற்றை மட்டும் நம்பிச் செய்யவில்லை என்பதே பழைய பாடல்களிலிருந்து தெரிகிறது. தாமிரபரணிக் கரையைச் சேர்ந்த முக்கூடற்பள்ளு, ஆற்றில் வெள்ளம் வருவதற்கான குறிகளை அடுக்கும்போது, தவளை கூப்பிடுவதையும் நண்டு வளையை அடைப்பதையும் வானம்பாடி ஆடுவதையும் சொல்கிறது. அவற்றுக்கு முன்பாக மலையாளத் திசை மின்னலையும் ஈழத் திசை மின்னலையும் இரண்டு நாளாகச் சுற்றியடிக்கும் காற்றையும் சொல்கிறது. தொலைவில் உள்ள மின்னலும் காற்றின் போக்கும் பக்கத்தில் உள்ள நண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால்தான் குறி. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆரூடம் சொல்வது பிற்காலத்து வழக்கம்.

காவிரிக்கு இன்னும் பழைய சான்று பட்டினப்பாலையின் தொடக்கம். வெள்ளிக்கோள் திசைமாறித் தெற்கே போனாலும், மழைத்துளியை உணவாகக் கொண்ட பறவை ஏங்கும்படி வானம் பொய்த்தாலும், காவிரி பொய்க்காது என்கிறது அது. காரணமாக, ஆறு மலையில் தலைவைத்திருப்பதையும் சொல்லிவிடுகிறது. இதைப் புகழுரையாக மட்டும் படித்துக் கடந்துவிடுகிறோம். படுகைக்கு வரும் தண்ணீர் இரண்டு வகை என்னும் செய்தி இதில் இருக்கிறது. ஆற்றுநீர், ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் வருவது. நம் வானத்து நீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கே கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழையால் வருவது. தலைக்காவிரியில் பெய்யும் மழையைத் திருத்துறைப்பூண்டியில் உள்ள எந்த எறும்பும் அறியாது. ஜூன் 12-இல் அணை திறக்குமா என்ற கேள்விக்கு, 120 அடி முழு நீர்மட்டம் கொண்ட மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்பதைத்தான் அன்றும் இன்றும் விசாரிக்கிறோம்.

வானிலை மையம் எதைப் பார்த்துக் கணிக்கிறது?

நமக்கு மிக அருகில் நடப்பதிலிருந்தே தொடங்கலாம். காரைக்காலிலிருந்து வாயு நிரப்பிய பலூன் ஒன்று கருவியைச் சுமந்துகொண்டு மேலே அனுப்பப்படுகிறது; அது ஏற ஏற ஒவ்வொரு உயரத்திலும் உள்ள வெப்பம், ஈரம், அழுத்தம், காற்றின் போக்கு ஆகியவை தரைக்கு வந்து சேர்கின்றன. உலகெங்கும் இத்தகைய பலூன்கள் ஒரே நேரத்தில் விடப்படுகின்றன; நம் கணக்கில் அது காலை ஐந்தரை மணியும் மாலை ஐந்தரை மணியும். எறும்பு ஓர் இடத்தின் ஈரத்தை அறிவது போலத்தான் இதுவும், ஆனால் 20 கிலோமீட்டருக்கும் மேலான உயரம் வரை. இதனோடு, அதே காரைக்காலில் உள்ள டாப்ளர் ரேடார், இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள்கள், கடலில் மிதக்கும் மிதவைகள், கப்பல்கள், தரை நிலையங்கள் ஆகியவை தரும் அளவுகள் சேர்கின்றன.

அளவுகளைச் சேர்ப்பது பாதி வேலைதான். காற்றின் இயக்கத்தையும் வெப்பப் பரிமாற்றத்தையும் சொல்லும் சமன்பாடுகளில் இந்த அளவுகளைப் பொருத்தி, அடுத்த சில நிமிடங்களில் காற்று எப்படி இருக்கும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து அடுத்த சில நிமிடங்களை மறுபடி கணக்கிட்டு, இப்படியே பத்து நாள் வரை மீக்கணினிகள் நகர்த்திச் செல்கின்றன. 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை இவற்றின் முடிவுகளை ஒப்பிட்டு அறிக்கை தருகிறது. தொடக்க அளவில் உள்ள சிறு பிழை நாளடைவில் பெருகிவிடும் என்பதை 1963-இல் வானிலை ஆய்வாளர் எட்வர்டு லோரென்ஸ் காட்டினார். அதனால் நாள்வாரியான கணிப்புக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் எல்லை என்று கருதப்படுகிறது. அந்த எல்லைக்குள், கணிப்பின் திறன் உலக அளவில் பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னேறியிருக்கிறது; அதாவது முன்பு மூன்று நாளுக்குக் கிடைத்த துல்லியம் பத்தாண்டு கழித்து நான்கு நாளுக்குக் கிடைக்கிறது.

பிறகு ஏன் அறிக்கை எங்கள் ஊருக்கு மட்டும் பொய்க்கிறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருவது. பெரும்பாலும் கோபத்தோடு வருவது. சென்னை வானிலை மையத்தின் ரமணன் தொலைக்காட்சியில் தோன்றி வங்கக் கடலின் தாழ்வுநிலைகளை விளக்கிய நாள்களிலிருந்தே அறிக்கையைக் கேட்டு வருகிறோம். ஆனால் அதன் சொற்களுக்கு வரையறை உண்டு என்பதை நம்மில் பலர் அறிய முயலவில்லை. "ஓரிரு இடங்களில்" என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகலாம் என்று பொருள். "சில இடங்களில்" என்றால் பாதி வரை; "அநேக இடங்களில்" என்றால் முக்கால் வரை; அதற்கு மேல் "பெரும்பாலான இடங்களில்". ஆகவே "திருவாரூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை" என்ற அறிக்கை வந்த நாளில் குடவாசலில் பெய்து மன்னார்குடி காய்ந்தால், அறிக்கை பொய்க்கவில்லை, பலித்திருக்கிறது.

மழையின் அளவும் அப்படித்தான். காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் கனமழை, 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே அதிகனமழை. வண்ண எச்சரிக்கை, பெய்யப்போகும் மழையின் அளவை மட்டும் குறிப்பதன்று. மஞ்சள் கவனித்திருக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாகவும், சிவப்பு செயலில் இறங்கவும் சொல்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அறிவியல் தடுமாறும் இடத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 நவம்பர் 12 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கனமழைச் சூழல் இருப்பதைச் சொல்வது ஒன்று; அந்த மேகக்கூட்டம் இந்த ஓர் ஊரின் மேல் நின்று இவ்வளவு கொட்டும் என்று முந்தைய நாளே சொல்வது வேறொன்று. இரண்டாவது இன்றும் மிகக் கடினம். ரேடாரைப் பார்த்து அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வெளியிடும் உடனடி அறிவிப்பே அத்தகைய வேளையில் உதவும்.

புயலை விலங்குகள் முன்பே அறிந்து ஒதுங்கிவிடும் என்கிறார்களே?

சில சான்றுகள் உண்டு. 2001-இல் ஃபுளோரிடாக் கடற்கரையை நோக்கி ஒரு புயல் நெருங்கியபோது, காற்றழுத்தம் குறையத் தொடங்கியதும் ஆழமற்ற விரிகுடாவில் இருந்த இளஞ்சுறாக்கள் ஆழ்நீருக்குச் சென்றதை, அவற்றின் உடலில் பொருத்திய கருவிகள் காட்டின. 2014-இல் அமெரிக்காவின் டென்னசி மலைப்பகுதியில் கருவி பொருத்திய சிறு பறவைகள் ஐந்து, பெரும் சுழல்காற்றுக் (டொர்னாடோ) கூட்டம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகிப் பறந்தன. ஐந்து பறவைகள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் கடற்கரை காட்டியது வேறு. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கோடியக்கரை சரணாலயத்தின் புள்ளிமான்களும் வெளிமான்களும் ஏராளமான பறவைகளும் மாண்டன. மான்களின் உடல்கள் கடலில் அடித்துச் செல்லப்பட்டுக் கரை ஒதுங்கின. புயலைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட காட்டு விலங்குகள் அவை. மறுபக்கம், அந்தப் புயலுக்குப் பெயர் சூட்டி நாள்கணக்கில் எச்சரிக்கை தந்ததால் தாழ்வான ஊர்களின் மக்கள் முகாம்களுக்குச் சென்றார்கள். தென்னையைக் காப்பாற்ற எந்த முன்னறிவிப்பாலும் முடியவில்லை என்பது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தவர் இன்றும் சொல்லும் துயரம்.

2004 சுனாமியை விலங்குகள் அறிந்த கதைகளும் இந்தக் கேள்வியோடு வருவதுண்டு. சுனாமி வானிலை நிகழ்வன்று. கடலடி நிலநடுக்கத்தின் விளைவு. அதற்கான எச்சரிக்கை மையம் 2007 முதல் ஐதராபாத்தில் இயங்குகிறது.

பழமொழி பலிக்கிறதா என்று நானே சோதிக்க முடியுமா?

தாராளமாக. ஒரு நோட்டும் ஒரு மழைமானியும் போதும். பெரும்பாலோர் செய்யும் தவறு, பலித்த நாளை மட்டும் நினைவில் வைப்பது. நான்கு கட்டங்கள் போடுங்கள்: தவளை கத்தி மழை பெய்த நாள், கத்தியும் பெய்யாத நாள், கத்தாமலே பெய்த நாள், இரண்டும் இல்லாத நாள். "மழை" என்றால் எத்தனை மணி நேரத்துக்குள், எத்தனை மில்லிமீட்டர் என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். பிறகு பத்து கிலோமீட்டர் தள்ளிப் பெய்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அறிக்கைக்கும் இதே நான்கு கட்டங்களைப் போடுவதுதான் நியாயம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மர்மோட்டு என்னும் அணில் இனத்து விலங்கு ஒன்று வளையைவிட்டு வந்து தன் நிழலைக் கண்டால் குளிர் நீளும் என்று 1887 முதல் ஒவ்வொரு பிப்ரவரி 2-ஆம் நாளும் விழா எடுக்கிறார்கள். நாளும் கூற்றும் திட்டமாக இருப்பதால் அதைச் சோதிக்க முடிந்தது. பலித்தது பாதிக்கும் குறைவே. நம் பழமொழிகள் அவ்வளவு திட்டமாகப் பேசாததால் தப்பித்துக்கொள்கின்றன.

பஞ்சாங்கம் சொல்லும் மழை?

அது கோள்களின் கணக்கு. உயிரினங்களோடும் காற்றோடும் தொடர்பில்லாதது. "இந்த ஆண்டு இத்தனை மரக்கால்" என்னும் கூற்று எந்த ஊருக்கு, எந்த மாதத்துக்கு என்று சொல்லாதவரை அதைச் சரிபார்க்க வழியில்லை.

பருவம் முழுவதும் எப்படி இருக்கும் என்பதை யார் சொல்வது?

அறிவியலும் இங்கே சாய்வை மட்டும் சொல்கிறது. பசிபிக் கடலின் நடுப்பகுதி வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடுதலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அது குளிரும் லா நினா ஆண்டுகளில் குறையும் வாய்ப்பு அதிகம். 2016-இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து சம்பா கருகியது. அத்தகைய ஆண்டை ஆடி மாதத்திலேயே சொல்லும் உயிரினம் எதுவும் இல்லை.

அப்படியானால் நடவு, உரம், அறுவடை முடிவுகளுக்கு எதைக் கேட்பது?

முடிவுக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. காயும் நெல்லைத் தார்ப்பாயால் மூட அரைமணி போதும். அதற்குக் கொண்டல் காற்றின் குளிர்ச்சியும் அடிவானத்தின் கறுப்பும் போதுமானவை. மூன்று மணி நேரத்து உடனடி அறிவிப்பு இருந்தால் இன்னும் நல்லது. மேலுரம் போடவும் மருந்து தெளிக்கவும் இரண்டு மூன்று நாள் உலர்ந்த இடைவெளி வேண்டும். அதை எந்த எறும்பும் தராது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கை அதற்காகவே தயாரிக்கப்படுகிறது. மேகதூத் செயலியிலும் கிடைக்கிறது.

அறுவடைதான் ஆபத்தான இடம். கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்ற பழமொழியை நம்பியவர்களை 2021 ஜனவரியும் 2023 பிப்ரவரி முதல் வாரமும் தண்டித்தன. இரண்டு முறையும் முற்றிய சம்பாக் கதிர் வயலிலேயே சாய்ந்து முளைத்தது. தை மாதத்தில் பெருந்தவளைகளின் இணைசேரும் காலம் கடந்திருக்கும்; அவை கத்தாததால் மழை இல்லை என்று கொள்வது, மூடிய கடையின் பலகையைப் பார்த்து விலை கேட்பது போன்றது. 2023-இல் இலங்கையை நோக்கி நகர்ந்த தாழ்வு மண்டலம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பைப் பார்த்தாலும் எல்லாரும் அறுத்திருக்க முடியாது. ஒரே வாரத்தில் ஊருக்கெல்லாம் அறுவடை இயந்திரம் கிடைக்காது, அவசரமாக அறுத்த நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கத் தயங்குவார்கள். எனவே தை பிறந்ததும் ஐந்து நாள் அறிக்கையைத் தினமும் பார்த்து, இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் நாளை அதைக் கொண்டு தள்ளவோ முந்தவோ செய்பவர்கள், எங்கள் பக்கத்தில் இப்போது கூடி வருகிறார்கள்.